பாலின் இரண்டு உறைதல்கள்: வடசென்னையில் பால்பொருள்களைக் குளிரில் காத்த வரலாறு

பால்பொருள்களை வீட்டில் உறையவைத்தல் என்பது பால், வெண்ணெய், பன்னீர், கோவா போன்றவற்றை நீரின் உறைநிலைக்கும் கீழே குளிர்வித்துச் சேமிப்பதையும், தேவைப்படும்போது உருக்கிப் பயன்படுத்துவதையும் குறிக்கும். சென்னையின் வடக்கே மணலி, மாதவரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய பகுதிகளில் இன்று இது அன்றாடப் பழக்கம். மறுநாள் கடை இருக்காது என்றாலோ மழை வரும் என்றாலோ இரண்டு பாக்கெட் பாலைக் கூடுதலாக வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிடுகிறார்கள். இந்தச் சிறு செயலுக்குப் பின்னால் ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதன் முக்கியக் கட்டங்கள் சில சென்னைக் கடற்கரையிலும் நகரின் வடக்கு ஓரத்திலும் நிகழ்ந்தவை. அந்த வரலாற்றையும், உறையும்போதும் உருகும்போதும் பாலுக்குள் நடப்பதையும், மின்சாரம் நின்றுபோனால் செய்ய வேண்டியதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே சொல், இரண்டு நிகழ்வுகள்

தமிழில் 'பால் உறைந்துவிட்டதா?' என்று கேட்டால், தயிராகத் தோய்ந்துவிட்டதா என்பதே அதன் பொருள். உறை ஊற்றுதல், உறைமோர் ஆகிய சொற்களும் தயிரைச் சார்ந்தவையே. நீர் பனிக்கட்டி ஆவதையும் அதே 'உறைதல்' என்ற சொல்லால் குறிக்கிறோம். இரண்டிலும் நீர்மம் கெட்டிப்படுகிறது என்பதால் சொல் பொருத்தமானதுதான். ஆனால் இரண்டும் நேர் எதிரான வழிகளில் நடப்பவை.

தயிராக உறையும்போது பாலிலுள்ள நுண்ணுயிர்கள் வெதுவெதுப்பான சூழலில் பெருகி, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏற ஏறக் கேசீன் என்னும் பால் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் ஆகிறது. அந்தப் புளிப்பே பிற தீய கிருமிகள் வளர்வதைத் தடுக்கிறது. குளிரில் உறையும்போது இப்படி எந்த மாற்றமும் நுண்ணுயிர்களால் நிகழ்வதில்லை. நீர் படிகமாகிறது, நுண்ணுயிர்களின் இயக்கம் நின்றுபோகிறது. முதல் உறைதல் நல்ல நுண்ணுயிரை வேலை செய்யவிட்டுப் பாலைக் காக்கிறது. இரண்டாவது, எல்லா நுண்ணுயிரையும் தூங்கவைத்துக் காக்கிறது. தூங்குபவை மீண்டும் விழிக்கும் என்பதே உருக்கும் முறைகளுக்கெல்லாம் அடிப்படை.

குளிருக்கு முந்தைய காலம்

தமிழகத்தின் வெப்பத்தில் கறந்த பால் சில மணி நேரமே தாங்கும். ஆகவே பாலை மாற்றுருவாக்கிக் காப்பதே பழைய முறையாக இருந்தது. காய்ச்சிய பால் தயிராகி, தயிர் மோராகி, மோரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, வெண்ணெய் நெய்யாகும். ஒவ்வொரு படியிலும் பொருளின் ஆயுள் கூடுகிறது. நெய்யில் நீர் ஏறக்குறைய முழுவதும் போய்விடுவதால் அது மாதக்கணக்கில் கெடுவதில்லை.

சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை, தயிர் கடைந்து மோர் விற்கும் ஆயர் மகளையும், அவள் நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையைப் பெறுவதையும் காட்டுகிறது. தயிரைப் பற்றிய 'உறை' என்ற சொல்லும் அந்த இடத்திலேயே வருகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் நூல் அது. இன்றைய வடசென்னையும் அந்தப் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்ததே.

இந்த அறிவு வீடுகளில் அண்மைக்காலம் வரை நீடித்தது. பயணத்துக்குத் தயிர்சாதம் கட்டும்போது சோற்றில் பாலை நிறைய விட்டு, தயிரைச் சிறிதளவே சேர்ப்பார்கள். வழியில் அது மெல்ல உறைந்து, உண்ணும் வேளையில் புளிக்காமல் இருக்கும். உறைமோர் இல்லாத நாளில் மிளகாய்க் காம்பைப் பாலில் இட்டுத் தயிர் தோய்ப்பதும் உண்டு. நேரத்தையும் வெப்பத்தையும் கணக்கிட்டுச் செய்யும் உணவுப் பாதுகாப்பு முறைகள் இவை.

குளிரைப் பயன்படுத்துவதும் இந்தியாவில் முற்றிலும் புதிதல்ல. அக்பர் காலத்தில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரி, வெடியுப்பைக் கரைத்து நீரைக் குளிர்விக்கும் முறையையும், இமயமலையிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டி கொண்டுவரப்பட்டதையும் பதிவு செய்கிறது. ஆனால் அது அரண்மனைக்கு உரிய வசதி. மலையிலிருந்து வெகுதொலைவில் இருந்த சென்னைக்குப் பனிக்கட்டி கடல் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது.

பாஸ்டனிலிருந்து வந்த பனிக்கட்டி

அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனியை வெட்டியெடுத்து வெப்ப நாடுகளுக்கு விற்கும் தொழிலை 1806இல் கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் தொடங்கினார். 1833இல் 'டஸ்கனி' என்ற கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சுமார் நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகு 100 டன் அளவு கரையாமல் வந்து சேர்ந்தது. மரத்தூள் வெப்பத்தைத் தடுக்கும் என்பதும், பெரிய கட்டிகளை நெருக்கமாக அடுக்கினால் மெதுவாகவே உருகும் என்பதும் இந்த வணிகத்தின் நுட்பம்.

சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடற்கரையோரம் ஒரு கிடங்கு கட்டப்பட்டது. அதுவே ஐஸ் ஹவுஸ். அப்போது சென்னையில் செயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலா படகுகள் அலையைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன. பனிக்கட்டியும் அவ்வாறே வெயிலில் இறங்கியது. ஐரோப்பியரும் செல்வர்களும் பானங்களைக் குளிர்விக்கவும், மருத்துவத் தேவைக்கும் அதை வாங்கினார்கள். சாதாரணக் குடும்பத்தின் பாலுக்கு இந்த வணிகத்தால் பயன் எதுவும் இல்லை.

இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் வந்ததும் டியூடரின் வணிகம் சரிந்தது. ஐஸ் ஹவுஸ் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் கைக்கு மாறி 'கேசில் கெர்னன்' என்று பெயர் பெற்றது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். அவரது நூற்றாண்டான 1963இல் அக்கட்டடம் விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. இருந்தாலும் அந்த வட்டாரத்தை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே சொல்கிறார்கள்.

அம்மோனியாவின் வருகை

பனிக்கட்டியை ஏரியில் வெட்டுவதற்குப் பதில் ஆலையில் செய்ய உதவிய பொருள் அம்மோனியா. இந்த வாயுவை நீர்மமாக்க முடியும் என்பதை 1823இல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். 1859இல் பிரான்சின் ஃபெர்டினாண்ட் காரே அம்மோனியாவை நீரில் உறிஞ்சச் செய்து குளிரூட்டும் இயந்திரத்தை அமைத்தார். 1870களில் ஜெர்மனியின் கார்ல் ஃபான் லிண்டே அம்மோனியாவை அமுக்கிக் குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அமுக்கத்தில் நீர்மமான அம்மோனியா, அமுக்கம் குறைந்ததும் ஆவியாகும். ஆவியாகத் தேவையான வெப்பத்தைச் சுற்றியுள்ள நீரிலிருந்து எடுத்துக்கொள்வதால் நீர் உறைகிறது. ஐஸ் ஆலைகளும் பெரிய பால் பண்ணைகளும் இன்றும் பெரும்பாலும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

மணலிக்கு அம்மோனியா அறிமுகமானது வேறொரு வழியில். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1969இல் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் அருகில் 1966இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கு அம்மோனியா யூரியா உரம் செய்யப் பயன்படுகிறது. வயலுக்கு உரமாகும் அதே சேர்மம்தான் பக்கத்துப் பால் பண்ணையில் குளிரைத் தருகிறது.

அம்மோனியா நச்சுத்தன்மை உடையது. கசிந்தால் கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும். 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே, உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது இப்பகுதியினர் மறவாத நிகழ்வு. வீட்டுப் பெட்டிகளில் அம்மோனியா பரவலாகப் பயன்படாததற்கு இந்த ஆபத்தும் ஒரு காரணம். 1930களிலிருந்து வீட்டு ஃப்ரிட்ஜ்களில் ஃப்ரீயான் வகை வாயுக்கள் இடம்பெற்றன. அவை ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெரியவந்ததால் 1987இன் மாண்ட்ரியல் உடன்பாடு அவற்றைக் கைவிடச் செய்தது. இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்ற வாயு இருக்கிறது. அது சமையல் எரிவாயுவிலும் கலந்திருக்கும் பெட்ரோலிய வாயுதான்.

மாதவரம்: நகரத்துப் பாலுக்குக் குளிர்

மணலிக்கு மேற்கே, அடுத்துள்ள பகுதி மாதவரம். 1963இல், கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து அரசு அளித்த உதவியோடு அங்கே பால் பண்ணை அமைந்தது. 'மாதவரம் பால் பண்ணை', 'மில்க் காலனி' என்ற பெயர்கள் பேருந்துப் பலகைகளிலும் முகவரிகளிலும் நிலைத்துவிட்டன. கடற்கரையிலிருந்த பழைய ஐஸ் கிடங்கு பெயர் மாறிய அதே ஆண்டில், நகரின் மறுமுனையில் பாலுக்கான குளிர் தொடங்கியது.

அதற்கு முன் பால் என்பது வாசலில் கறந்தது, அல்லது பால்காரர் அளந்து ஊற்றியது. பண்ணைப் பால் அவ்வாறு வந்ததல்ல. கிராமங்களில் திரட்டிய பாலைக் குளிர்வித்துக் கொண்டுவந்து, 72 பாகை செல்சியஸில் 15 விநாடி சூடாக்கிக் கிருமி நீக்கி, உடனே குளிர்வித்து விநியோகித்தார்கள். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதல் கட்டம், நாட்டின் 18 பால் உற்பத்திப் பகுதிகளை டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களோடு இணைத்தது. ஐரோப்பா கொடையாக அளித்த பால்பொடியும் வெண்ணெய் எண்ணெயும் இந்நகரங்களில் பாலாக மாற்றப்பட்டு விற்கப்பட்டன. பால் மிகுந்த மாதங்களில் வெண்ணெயை உறையவைத்துச் சேமித்து, குறைந்த மாதங்களில் உருக்கிப் பால்பொடியோடும் நீரோடும் சேர்ப்பது பால் பண்ணைகளின் வழக்கம். வீடுகள் பாலை உறையவைப்பதற்கு முன்பே நகரம் அதைச் செய்துகொண்டிருந்தது.

1981இல் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் பதிவு பெற்றது. அதன் வணிகப் பெயரான ஆவின், 'பசுவினுடைய' என்று பொருள்படும் நல்ல தமிழ்ச் சொல். பால் அட்டையும் பூத்தும் கண்ணாடிப் புட்டியும் இருந்த காலம் போய், பிளாஸ்டிக் பாக்கெட் வந்தது. கொழுப்பு 3 விழுக்காடு உள்ளது நீலம், 4.5 விழுக்காடு பச்சை, 6 விழுக்காடு ஆரஞ்சு என்று பாக்கெட்டின் நிறத்தைச் சொல்லியே மக்கள் பால் கேட்கிறார்கள்.

வீட்டுக்குள் வந்த குளிர்

கோத்ரெஜ் நிறுவனம் 1958இல் இந்தியாவில் ஃப்ரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. நெடுநாள் அது வசதி படைத்தோர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 1991க்குப் பின் சந்தை விரிந்து, தவணை முறையும் பரவியபோது தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் வந்தது. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் ஐஸ் என்றால் மீனுக்கு உடைத்துப் போடும் பாளம்தான் நினைவுக்கு வரும். அதே தெருக்களில் இப்போது வீட்டுக்குள் ஒரு சிறிய ஐஸ் அறை இருக்கிறது.

ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதி 4 பாகை செல்சியஸிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். ஃப்ரீசர் கழித்தல் 18 பாகையில் இருப்பது நல்லது. பழைய ஒற்றைக் கதவுப் பெட்டிகளின் உறைபகுதி இந்த அளவுக்குக் குளிர்வதில்லை. பனி படிந்துவிட்டால் இன்னும் மோசம். அத்தகைய பெட்டியில் வைத்தது கல்லாக இறுகியிருந்தாலும் நீண்ட காலச் சேமிப்புக்கு ஏற்றதல்ல. ஒன்றிரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

உறையும்போது பாலுக்குள் நடப்பது

பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். அதில் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருப்பதால் பால் 0 பாகையில் உறையாமல் சுமார் கழித்தல் 0.5 பாகையில் உறையும். பாலில் நீர் கலந்தால் இந்த உறைநிலை 0 பாகையை நோக்கி நகரும். பாலில் தண்ணீர் கலந்திருப்பதை ஆய்வகங்கள் கண்டுபிடிக்கும் முறைகளில் இதுவும் ஒன்று.

முதலில் தூய நீரே படிகமாகிறது. மீதமுள்ள நீர்மத்தில் உப்பும் சர்க்கரையும் புரதமும் செறிந்துகொண்டே போகின்றன. நாளாக ஆக லாக்டோஸ் படிகமாகப் பிரிகிறது. கால்சியம் உப்புகள் கேசீனைத் திரளச் செய்கின்றன. உருக்கிய பாலின் அடியில் காணப்படும் வெண்திப்பிகள் இவையே. மெதுவாக உறையும்போது பனிப்படிகங்கள் பெரிதாகிக் கொழுப்புத் துளிகளின் மெல்லிய உறையைக் கிழிக்கின்றன. அதனால் காய்ச்சும்போது மேலே எண்ணெய்த் திட்டு மிதக்கும். கொழுப்பு நுண்துளிகளாக்கப்பட்ட பாலில் இது குறைவு. எருமைப்பாலில் கொழுப்பு மிகுதியால் கூடுதலாகத் தெரியும். உறைந்த பால் சற்று மஞ்சளாகத் தோன்றுவதும் இயல்பு. இவற்றால் உடலுக்குத் தீங்கில்லை.

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. கண்ணாடிப் புட்டியில் பாலை நிரப்பி உறையவைத்தால் அது வெடிக்கும். பாக்கெட்டின் தையலும் சில வேளை பிரியும். மூடியுள்ள கலத்தில் மேலே இடம் விட்டு ஊற்றி வைப்பதே நன்று.

எவை தாங்கும், எவை தாங்கா

*வெண்ணெய்:* நீர் குறைவு என்பதால் மிக நன்றாகத் தாங்கும். நன்கு சுற்றி வைத்தால் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும். பிற பொருள்களின் வாடையை எளிதில் ஈர்க்கும் என்பதால் மீன் வைக்கும் ஃப்ரீசரில் கவனம் தேவை.

*கோவா:* நன்கு தாங்கும். சிறு பங்குகளாகப் பிரித்து வைத்தால் தேவையானதை மட்டும் எடுக்கலாம்.

*பால்:* ஒரு மாதம்வரை சுவை பெரிதும் மாறாது. காப்பி, பாயசம், தயிர் தோய்த்தல் ஆகியவற்றுக்குப் பொருந்தும். அப்படியே குடிக்க அவ்வளவு ஏற்றதல்ல.

*பன்னீர்:* உருகியதும் உதிரும். வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் ஓரளவு மென்மை திரும்பும். குழம்புக்கும் பொரியலுக்கும் ஆகும்.

*சீஸ்:* கெட்டி வகையைத் துருவி உறையவைக்கலாம். துண்டாக வைத்தால் உருகியபின் நொறுங்கும்.

*தயிர்:* வலை உடைந்து நீர் தனியே பிரியும். மோர், மோர்க்குழம்பு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம். அதிலுள்ள நுண்ணுயிர்களில் ஒரு பகுதி பிழைத்திருக்கும் என்பதால் உறை ஊற்றவும் ஆகும். தோய நேரம் கூடுதலாகும்.

*ஐஸ்கிரீம்:* உருகியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது. உள்ளிருந்த காற்று வெளியேறிப் பெரும் படிகங்கள் உருவாகும். சுவையைவிட முக்கியம், உருகிய நேரத்தில் அதில் கிருமி பெருகியிருக்கக்கூடும் என்பது.

தாய்ப்பால் பால்பொருள் வணிகத்தில் சேராது என்றாலும் அதே அறிவியலின் மிக நுட்பமான பயன்பாடு அது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. வேலைக்குச் செல்லும் தாய்மார் வீட்டிலும் பாலை உறையவைக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது சிறந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து உருக்கிய தாய்ப்பாலை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறையவைக்கவோ நுண்ணலை அடுப்பில் சூடாக்கவோ கூடாது. அந்த அடுப்பில் சூடு சமமாகப் பரவாமல் குழந்தையின் வாய் வெந்துவிடலாம்.

உருக்கும் முறை

உறையவைப்பதைவிட உருக்குவதில்தான் தவறு அதிகம் நேர்கிறது. சென்னை வெப்பத்தில் சமையல் மேடைமேல் வைத்த உறைந்த பாக்கெட்டின் வெளிப்புறம் விரைவில் உருகிச் சூடேறிவிடும். நடுவில் கட்டி அப்படியே இருக்கும். நடுப்பகுதி உருகக் காத்திருக்கும் நேரத்தில் வெளிப்புறத்தில் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கிவிடுகின்றன.

பாதுகாப்பான முறை, முதல்நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு பாத்திரத்தில் வைப்பது. அவசரமானால் பாக்கெட்டைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றலாம். காய்ச்சப்போகும் பாலாக இருந்தால் உறைந்த கட்டியை நேரே பாத்திரத்தில் இட்டு, சிறு தீயில் கிளறியபடி உருக்கிக் கொதிக்கவைக்கலாம். உருகிய பாலை நன்றாகக் கலக்கினால் அடியில் தங்கிய திப்பிகள் பெரும்பாலும் கரைந்துவிடும்.

'எப்படியும் கொதிக்கவைக்கிறோமே' என்ற எண்ணம் முழுப் பாதுகாப்புத் தராது. கொதிநிலை கிருமிகளைக் கொல்லும். ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் பாலில் விட்டுச்சென்ற நச்சு கொதித்தாலும் அழியாது. நெடுநேரம் வெப்பத்தில் கிடந்த பாலைக் காய்ச்சிக் குடித்தும் வாந்தி வருவது இதனால்தான்.

2023 டிசம்பர்: மின்சாரம் நின்ற நாள்கள்

வீட்டுக் குளிர் முழுவதும் மின்சாரத்தை நம்பியது என்பதை வடசென்னை மிகத் தெளிவாக உணர்ந்தது மிக்ஜாம் புயலின்போது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் நகரம் மூழ்கியது. கொசஸ்தலை ஆற்றின் கரையிலுள்ள மணலி புதுநகர் உள்ளிட்ட இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பால் வண்டிகள் வர முடியாததால் பாக்கெட் பால் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றார்கள். சில இடங்களில் அது பல மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதே நிலைதான்.

மழை வருமென்று முன்கூட்டியே பாலை வாங்கி உறையவைத்த வீடுகளுக்கும் சிக்கல் இருந்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வெளியே பால் கிடைக்காது. உள்ளே இருக்கும் பால் உருகிக்கொண்டிருக்கும். அந்நிலையில் தெரிந்திருக்க வேண்டியவை சில.

திறக்காமல் வைத்தால் நிறைந்த ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டுதல். கீழ்ப்பகுதி 4 மணி நேரமே தாங்கும். நம் வெப்பத்தில், அதிலும் சிறிய ஒற்றைக் கதவுப் பெட்டியில், இதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். ஆகவே கதவை அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. வெற்றிடம் இருந்தால் முன்பே தண்ணீர்ப் புட்டிகளை முக்கால் அளவு நிரப்பி உறையவைத்து அடைத்துவிடலாம்.

வீட்டில் இல்லாதபோது மின்சாரம் நின்று திரும்பியிருந்தால் பார்வைக்குத் தெரியாது. உருகிய பால் மறுபடி கல்லாகியிருக்கும். இதற்கு எளிய சோதனை உண்டு. ஒரு கிண்ணத்தில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். திரும்பி வரும்போது நாணயம் அடியில் இருந்தால் இடையில் எல்லாம் உருகியது என்று பொருள்.

உருகத் தொடங்கிய பாலில் இன்னும் பனிப்படிகம் இருந்தாலோ தொட்டால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததுபோலச் சில்லென்று இருந்தாலோ அது கெடவில்லை. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கொட்டிவிட வேண்டும். வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாள்களில் இந்த வரம்பு ஒரு மணி நேரமே. வெள்ளநீர் தொட்ட பாக்கெட் முழுதாகத் தெரிந்தாலும் பயன்படுத்தக் கூடாது. அந்நீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும்.

சில்லென்று இருக்கும் பாலை அப்போதே என்ன செய்வது? இதற்கு விடை பழைய சமையலறையில் இருக்கிறது. எரிவாயு அடுப்புக்கு மின்சாரம் வேண்டாம். குழந்தைக்கு அந்த வேளைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதிப் பாலை நன்கு காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றினால் மறுநாளைக்குத் தயிர். இளகிய வெண்ணெயை உருக்கினால் நெய்; அதற்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை. பன்னீரை அன்றே சமைத்துவிடலாம். கோவாவைச் சர்க்கரை சேர்த்துக் கிளறலாம். குளிரில் உறைந்த பாலைக் கெடுவதற்கு முன் தயிராக உறையவைப்பது, ஒரு பாதுகாப்பு கைவிட்டதும் இன்னொன்றைக் கைக்கொள்வதாகும்.

முடிவுரை

கடல் கடந்து வந்த ஐஸ் பாளத்திலிருந்து மாதவரம் பண்ணைக்கும், அங்கிருந்து வீட்டு ஃப்ரீசருக்கும் குளிர் வந்து சேர்ந்தது. பாலின் ஆயுளைச் சில மணி நேரத்திலிருந்து ஒரு மாதமாக அது நீட்டியது. குடும்பங்களுக்கு, முக்கியமாகச் சிறு குழந்தைகளுக்கு, இது பெரிய நன்மை. ஆனால் இந்த உறைதல் கம்பி வழியே வரும் மின்சாரத்தைச் சார்ந்தது. மணலி போன்று ஆற்றுக்கும் கடலுக்கும் ஆலைக்கும் நடுவே இருக்கும் ஊரில் அந்தக் கம்பி ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதனைக்கு உள்ளாகிறது. தயிர் உறையும் முறை எதையும் சார்ந்ததல்ல. ஒரு கரண்டி உறைமோரும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த கையும் போதும். ஃப்ரீசர் உள்ள வீட்டிலும் அந்தக் கைப்பழக்கத்தை விடாமல் வைத்திருப்பதே இந்த வரலாறு தரும் நடைமுறைப் பாடம்.